காலணாவுக்கு ரெண்டு நயா பைசா

1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. நயா பைசா புழக்கத்துக்கு வந்த நாள். முட்டாள்கள் தினத்தில் கொண்டுவந்து விட்டார்களே என்று ஊரெல்லாம் கேலி.

என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், பேரன் பேத்திகளுக்காகச் சொல்கிறேன். அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, காலணாவுக்கு 3 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. புதுக் கணக்கில் ரூபாய்க்கு 100 நயா பைசா, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரே சந்தோஷம். கடைத்தெருவில்தான் குழப்பம்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கும்பகோணத்தில் என் பெரியப்பா சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். மற்ற கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பெரியப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டுப் பலகையை மாட்டி, தினமும் காலையில் வாடிக்கைக்காரர்கள் படிக்க ஒரு துணுக்கு எழுதிப் போடுவார். புளி கட்டித் தருகிற நேரத்தில் அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே என்பார்.

'துட்டு என்பது தமிழ் அல்ல, டச்சுக்காரன் விட்டுப்போன காசு' என்று ஒரு நாள் இருக்கும். நிஜம்தான், டச்சுக்காரர்களின் சின்னக் காசுக்கு டொய்ட் என்று பெயர். 'ஓட்டைக் காலணாவின் ஓட்டை எங்கே போயிற்று? யுத்தத்துக்குப் போயிற்று' என்று இன்னொரு நாள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943இலிருந்து காலணாவை நடுவில் துளை போட்டு அடித்தார்கள். 'இங்கிலீஷ்காரன் கேஷ் என்பது நம் காசுதான்' என்றும் எழுதியிருக்கிறார். இதில் பாதிதான் சரி. கீழைநாட்டுச் சில்லறை நாணயங்களுக்கு அவர்கள் வைத்த 'கேஷ்' என்ற பெயர் நம் காசிலிருந்து, போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. கையிருப்புப் பணத்தைச் சொல்லும் 'கேஷ்' வேறு. அது பிரெஞ்சுக்காரர்களின் 'கேஸ்', அதாவது பெட்டி. நம் பாஷையில் கல்லாப்பெட்டி!

நயா பைசா வந்ததும் பலகைக்கு வேலை கூடிவிட்டது. 100ஐ 16ஆல் வகுத்தால் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? சட்டத்தில் இதற்கு வழி சொல்லியிருந்தார்கள். ஒரு கொடுக்கல் வாங்கலில் தருகிற பழைய காசையெல்லாம் மொத்தமாகக் கூட்டி, கிட்டத்தில் இருக்கிற முழுப் பைசாவுக்குக் கொண்டுபோக வேண்டும். சரிபாதியில் நின்றால் கீழே இறக்க வேண்டும். அதன்படி 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25. நாலு ஓரணாக்களைச் சேர்த்து நீட்டினால் 25 பைசா. ஒவ்வொன்றாக நாலு தடவை நீட்டினால் 24தான். தபால் கட்டணம் மட்டும் தனிக் கணக்கு. 2 அணாக் கடிதத்துக்கு 13 நயா பைசா என்று நிர்ணயித்து, இந்திய வரைபடம் போட்ட 13 பைசாத் தலையே அச்சடித்தார்கள்.

பணக்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. மூட்டை அரிசி வாங்குகிறவருக்குக் கால் பைசா கண்ணிலேயே படாது. காலணாவுக்குச் சாமான் வாங்குகிறவர் கதை வேறு. ஒரு காலணா என்பது புதுக் கணக்கில் ஒன்றரைப் பைசாவுக்குக் கொஞ்சம் மேலே, 1.56. கிட்டத்து முழு எண் 2. பழைய கணக்கில் 64 தடவை காலணாவுக்கு வாங்கினால் ஒரு ரூபாய் ஆகும். புதுக் காசு கொடுத்து அதே 64 தடவை வாங்கினால் 1 ரூபாய் 28 பைசா. கடைக்காரன் விலை ஏற்றவில்லை, சர்க்கார் வரி போடவில்லை, ஆனாலும் சாமான் நூற்றுக்கு 28 ஏறிவிட்டது. அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு உப்பும் மிளகாயும் வாங்குகிற வீடுகளில்தான் இந்த இடி விழுந்தது.

பெரியப்பா அந்த வாரம் பலகையில் எழுதினார்: 'காலணாச் சாமான் ஒன்று வாங்கினால் 2 நயா பைசா. இரண்டு சேர்த்து வாங்கினால் 3. நாலு சேர்த்து வாங்கினால் 6. ஒவ்வொன்றாக வாங்கி 8 கொடுக்காதீர்கள்.'

கடையில் பங்காளியாக இருந்த சித்தப்பாவுக்கு ஆத்திரம். "ஏண்ணா, வர்ற லாபத்தை வாசல்ல எழுதிப் போட்டு விரட்டுவாளா?" என்று கத்தினார். "அது லாபம் இல்லடா, கணக்குப் பிசகு" என்றார் பெரியப்பா. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சித்தப்பா பக்கத்தையும் சொல்ல வேண்டும்: நாளைக்கு ஐம்பது அறுபது காலணா வியாபாரம் நடக்கிற கடை, பாதிப் பைசா மிச்சமும் மாசக் கடைசியில் கடை வாடகைக்கு உதவும்.

சேர்த்து வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? தெருக்கோடியில் ஒரு பாட்டி இருந்தாள். தினம் காலணாவுக்குப் பொடி. ஒரு நாள் அரையணாக் காசை நீட்டினாள். அரையணாவுக்கு 3 பைசா, பொடிக்கு 2 போக, கடைப்பையன் ஒரு நயா பைசாவைக் கையில் வைத்தான். சின்னஞ்சிறு வெண்கலக் காசு. பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அரையணா குடுத்தா காலணாப் பொடியும் காலணாக் காசும் வரணும். இது என்ன, சட்டைப் பொத்தானா?"

"இதான் பாட்டி புதுக் காசு."

"சரி, இதுக்கு நாளைக்குப் பொடி குடுப்பியா?"

"இன்னும் ஒண்ணு சேர்த்துக் குடுக்கணும் பாட்டி."

"அப்ப என் காலணாவுல பாதிய யாரு மூக்குல போட்டுக்கிட்டது?"

கடையே சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் பாட்டிக்குப் பக்கம் ஒதுக்கினார். அன்று முதல் பொடி கணக்கில் ஏறும். நாலு நாளைக்கு ஒரு முறை 6 நயா பைசா கொடுத்தால் போதும். கோடைக்குள் அந்த நோட்டில் இருபது பெயருக்கு மேல் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூட விடுமுறையில் கூட்டிப் போடுகிற வேலை என்னுடையது. பிற்காலத்தில் வங்கியில் எத்தனையோ பேரேடு பார்த்துவிட்டேன், தினம் காலணா ஏறுகிற பேரேட்டை அப்புறம் பார்க்கவில்லை. பணம் வராமல் போனது இரண்டோ மூன்றோ பேரிடம்தான். அதற்கும் சித்தப்பா தீபாவளி வரைக்கும் முணுமுணுத்தார்.

பழைய காசும் புதுக் காசும் சில வருஷம் சேர்ந்தே புழங்கின. அணா போன பின்னும் 25 பைசாவை நாலணா, 50 பைசாவை எட்டணா என்றே சொன்னோம். 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற அடைமொழியை எடுத்துவிட்டு வெறும் பைசா என்றார்கள். நயா என்றால் இந்தியில் புதுசு என்று அர்த்தம். பெரியப்பா அன்று பலகையில் எழுதினார்: 'இன்றிலிருந்து பைசா புதுசு இல்லை, கிழடாகிவிட்டது.'

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். படித்துச் சொன்னேன்.

"ஏழு வயசுலயேவா?" என்றாள்.