பிரிக்பீல்ட்ஸ்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர் நகர மையத்துக்குத் தெற்கே கிள்ளான் ஆற்றை ஒட்டியுள்ள பழைய தொழிலாளர் குடியிருப்பு. செங்கல் சூளையும் ரயில்வேயும் வளர்த்த இந்தப் பகுதி, மலேசியத் தமிழரின் நகர வாழ்க்கை வேர்விட்ட இடங்களுள் ஒன்று.

சூளைக் காலம்

1881இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் கோலாலம்பூரை அழித்தன. பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையும் இனி ஆகாது, செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் இங்கே சூளை அமைத்தார். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் அறுத்து, வெயிலில் உலர்த்திச் சுட்ட கற்களால் நகரத்தின் கடைவீடுகள் எழுந்தன.

ரயில்வே காலம்

சுரங்கங்களில் எடுத்த வெள்ளீயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லக் கிள்ளான் ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. அதன்பின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் தளமாகியது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் சல்லி கொட்டி, கட்டை அடுக்கி, தண்டவாளம் பதித்தார்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். பேசிய மொழி ஒன்று. சம்பளமும் வீடும் மரியாதையும் வேறு. தண்டவாளம் பதித்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பது இந்த வரலாற்றின் பெருங்குறை.

வந்தவர்கள் தங்களுக்கான நிறுவனங்களைத் தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். இலங்கையிலிருந்து வந்த சிங்களவர் 1894இல் பௌத்த விகாரை கண்டார்கள். யாழ்ப்பாணச் சைவர்கள் ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோயில் கட்டினார்கள். 1904இல் விவேகானந்தா ஆசிரமம் உருவாகி, பின்னர் பள்ளிகளையும் நடத்தியது.

பிற்காலம்

பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏற, ரயில்வே, அரசு ஊழியர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள் இடிக்கப்பட்டன. ஜாலான் துன் சம்பந்தன் பகுதி 2010இல் ‘லிட்டில் இந்தியா’வாகத் திறந்துவைக்கப்பட்டது.

ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் எழுந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2016இல் ஆசிரமம் தேசிய மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. வேலையோடு கிடைத்த வீடுகள் வேலை கொடுத்தவரின் முடிவோடு போயின. மக்கள் கூடிக் கட்டிய ஆசிரமமோ, அதைக் காக்க மக்கள் கூடியதால் நிலைத்தது.