மலைநாட்டுக் கிளிகளின் சரித்திரம்

பறவைகளைப் பற்றி எழுதுவோர் சிறகையும் அலகையும் அளந்து கூறுவதோடு நின்றுவிடுகின்றனர். பறவை வாழ்ந்த மரத்தை வெட்டுவித்தவர் யார் என்று கேட்பாரில்லை. லிந்துலை மலைச்சரிவுகளில் நின்று நோக்குவோர் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

இலங்கைத் தீவுக்கே உரிய கிளியினங்கள் இரண்டு. ஒன்று, தலைகீழாகத் தொங்கியபடியே உறங்கும் சிறு தொங்குகிளி, சிங்களத்தில் 'கிராமலித்தா'. சாணளவும் இல்லாத அதன் பசிய உடலில் உச்சியும் வாலடியும் செக்கச் சிவந்திருக்கும். ஜெர்மானிய அறிஞர் ஃபோர்ஸ்டர் 1781 இல் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். மற்றொன்று, மரகதக் கழுத்துப்பட்டையும் நீலச் சாம்பல் தலையும் உடைய மலைக்கிளி. 1849 இல் பிளைத் அதனை விவரித்தபோது, ஆங்கில ஆட்சியில் உத்தியோகம் பார்த்த லேயார்டின் மனைவி பிறந்த குடும்பத்தின் பெயரான 'கால்த்ரொப்' அதன் விஞ்ஞானப் பெயராயிற்று. துரைசானியின் பெயர் கிளியின்மீது நிலைத்தது. அதே மலையில் மாண்ட தொழிலாளரின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் பொறிக்கப்படவில்லை.

1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், பிறர் உரிமை நிறுவாத காடுகளை முடிக்குரியனவாக்கிற்று. துரைமார் அவற்றை வாங்கிக் கோப்பி பயிரிட்டனர். தமிழகத்திலிருந்து வந்த ஏழை மக்கள் மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே பலர் மாண்டனர். எஞ்சியோரே காட்டை வெட்டினர். 1869 இல் கோப்பியை இலைநோய் பற்றியது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, காடு திரும்பவில்லை. இவ்விரு கிளிகளும் மரப்பொந்தில் முட்டையிடுவன. கத்தரித்த தேயிலைச் செடியில் பொந்து ஏது?

காட்டை அழித்தவர் கூலிகளே என்று சொல்வோர் உண்டு. கோடரி அவர்கள் கையில் இருந்தது மெய். நிலமும் இலாபமும் அவர்கள் கையில் இல்லை.

எஞ்சிய கிளியைக் கூண்டிலடைப்பதும் நியாயமன்று. பூந்தேனும் கனியும் உண்டு காடெங்கும் திரியும் தொங்குகிளிக்கு, கூண்டில் இடும் தானியம் உணவாகாது. கூண்டு அழகாயிருக்கலாம், அதன் அளவைத் தீர்மானிப்பவன் உள்ளே வாழ்பவன் அல்லன். பத்தடி லயத்து அறையில் தலைமுறைகளைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1937 இல் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கச் சட்டம் வந்தது. 11 ஆண்டுகள் கழித்து, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒப்பந்தத்தில் இரு அரசுகள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.

கிளியின் நலனும் தொழிலாளியின் நலனும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஓடையோரச் சோலைகளும் பொந்துள்ள முதுமரங்களும் நிலைத்திருந்தால் கிளிக்கு வாழ்வுண்டு. அச்சோலைகள் காக்கும் ஊற்றுநீரைக் குடிப்பவர்கள் தோட்டத்து மக்களே. அம்மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைக்கட்டும். அங்கே மரம் நடவும் நட்டதைக் காக்கவும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிராது.