தூக்கி நிக்கிற ஜீப்

“உங்க ஊரு எஸ்டேட் ஜீப் மட்டும் ஏன் இவ்வளவு தூக்கலா நிக்குது?”ன்னு சென்னை நண்பர் கேட்டார். ஸ்டைலுக்கு இல்லைங்க. 1940-களின் கடைசியில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புக்கு நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். கழிச்ச வண்டியோட பட்டை ஒண்ணைக் கட்டுக்குள்ள சொருகினா உயரும், பாரமும் தாங்கும். உதவாத பட்டை கொல்லுப்பட்டறையில அரிவாளாகும்!

சுருள் ஸ்பிரிங் வண்டிங்க வந்தப்புறம் அது நடக்கல. முழுச் சுருளையே காயலான் கடையில தேடணும். கம்பித் தடிமன் 10 சதவீதம் கூடினா விறைப்பு 46 சதவீதம் கூடிரும், முதுகு தாங்காது.

உயர்ந்த வண்டி சாயவும் செய்யும். எங்க அத்தை ஏலத்தோட்ட வேலைக்குப் போடிமெட்டு ஏறினவங்க. கொண்டை ஊசி வளைவு வந்தா, பேச்சை நிறுத்திட்டு எல்லாரும் மலைப்பக்கமா நகந்து உக்காருவாங்களாம்.