பெர்மிட் முந்தியது, உயிர் பிந்தியது: இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்த வழி

சாலைப் போக்குவரத்துக் கொள்கையைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அபராதம், ஹெல்மெட், கேமரா என்று மூன்று சொற்களுக்குள் அது சுருங்கிவிடுகிறது. நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம் எந்தக் கவலையில் எழுதப்பட்டது என்று பார்த்தால் இந்தச் சுருக்கத்தின் காரணம் விளங்கும். 1939ஆம் ஆண்டுச் சட்டம் ரயில்வே பெற்ற பிள்ளை. சாலையில் அடிபட்டுச் செத்தவர்கள் அதை எழுதியவர்களின் முதல் கவலையாக இருக்கவில்லை. பயணிகளையும் சரக்கையும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பறிகொடுத்துக்கொண்டிருந்த ரயில் வருமானம்தான் அவர்களை உறுத்தியது. அந்தப் பிறப்புக் குணம் அரை நூற்றாண்டு காலம் கொள்கையை ஆட்டிவைத்தது. பாதுகாப்பும் இழப்பீடும் பெரும்பாலும் நீதிமன்ற வாசல் வழியாகவே சட்டத்துக்குள் வந்தன. அந்த வழக்குகளில் சில தமிழ்நாட்டிலிருந்து போனவை.

ரயிலைக் காக்க வந்த சட்டம்

1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் மிகச் சிறியது. வண்டியைப் பதிவு செய், ஓட்டுநர் லைசென்ஸ் வாங்கு, கண்மூடித்தனமாக ஓட்டாதே, ஏறத்தாழ அவ்வளவுதான். எந்த ஊருக்கு யார் பஸ் விடலாம் என்பதில் அரசு பெரிதாகத் தலையிடவில்லை. அந்தக் காலத்தையொட்டித்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழிலில் இறங்கினார், ஜி.டி. நாயுடு 1920இல் ஒற்றை பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொடங்கினார். முதல் உலகப் போர் முடிந்தபின் போட்டி பெருகியது. ஒரே தடத்தில் பல பேர் ஓட்டினார்கள். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும் என்ற வழக்கமும் இருந்தது.

சாலையை யார் போடுவது என்ற கேள்விக்கு முதலில் விடை தேடியது எம்.ஆர். ஜெயகர் தலைமையில் 1927இல் அமைந்த குழு. சாலை வளர்ச்சி உள்ளாட்சிகளின் கைக்கு மீறிப் போய்விட்டது, அது தேசத்தின் பொறுப்பு என்று 1928 அறிக்கையில் அக்குழு சொன்னது. மறு ஆண்டே பெட்ரோலுக்குக் காலனுக்கு இரண்டணா கூடுதல் வரி போட்டு மத்தியச் சாலை நிதி உருவானது. ஓட்டுகிறவனிடம் வாங்கிச் சாலைக்கே செலவிடும் ஏற்பாடு. என் பார்வையில், இந்த வரலாற்றில் நேர்மையான தொடக்கம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

அது நிலைக்கும் முன்பே உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. ரயில் வருமானம் சரிந்தது. ரயில் பாதைக்கு இணையாக ஓடும் சாலைகள் எத்தனை, அவற்றில் ஓடும் பஸ்கள் ரயில்வேக்கு எவ்வளவு நட்டம் ஏற்படுத்துகின்றன என்று மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் 1932இல் மாகாணம் மாகாணமாக ஆராய்ந்தார்கள். 1933இல் சிம்லாவில் சாலை–ரயில் மாநாடு கூடியது. அடுத்து ரயில்வே நிதிநிலையை ஆராய வந்த வெட்ஜ்வுட் குழுவும் 1937இல் சாலைப் போக்குவரத்துக்குக் கடிவாளம் வேண்டும் என்றது. இந்த அறிக்கைகளின் வழியே வந்ததுதான் 1939 சட்டம்.

பெர்மிட் என்ற சொல் தமிழர் வீட்டுச் சொத்துப் பேச்சில் இடம்பிடித்தது அதற்குப் பிறகுதான். தடம், நடை, டைமிங் எல்லாவற்றையும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் தீர்மானித்தது. புதிதாக ஒருவர் விண்ணப்பித்தால், அந்தத் தடத்தில் ஏற்கெனவே சேவை தருவோர் ஆட்சேபம் எழுப்பலாம். ஆட்சேபித்தவர்களில் பஸ் முதலாளிகளும் உண்டு, ரயில்வேயும் உண்டு.

சென்னை மாநிலத்தில் இது எப்படி நடந்தது என்பதற்கு 1956 ஏப்ரல் 28ஆம் தேதியிட்ட 1298ஆம் எண் அரசாணை நல்ல சான்று. ஒரு தடத்துக்குப் பல பேர் விண்ணப்பித்தால் பள்ளித் தேர்வு போல மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்க அது வழி சொன்னது. தடத்திலேயே குடியிருந்தால் மார்க். பட்டறை இருந்தால் மார்க். தொழில் அனுபவத்துக்கு மார்க். ஆணையம் மார்க் போடும். தோற்றவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். அங்கு மார்க் மாறும். பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட். இப்படிப் போன வழக்குகளில் ஒன்றில்தான் 1964இல் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணையையே செல்லாது என்றது. நீதிமன்றம் போல் விசாரித்து முடிவெடுக்க வேண்டிய ஓர் அமைப்புக்கு இப்படி முடிவெடு என்று அரசு ஆணையிட முடியாது என்பது காரணம். எட்டாண்டு காலம் மார்க் எண்ணியதில், பிரேக் பிடிக்கிறதா, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பவை போட்டியை முடிவு செய்யும் கேள்விகளாக இருக்கவில்லை.

லாரியின் கதையும் இதே கதைதான். 75 மைலுக்கு மேல் சரக்கு ஏற்றிப்போக 1945இன் நெறிமுறை கட்டுப்பாடு போட்டது. தொலைதூரச் சரக்கு ரயிலுக்குரியது என்பது அதன் உட்பொருள். எம்.ஆர். மசானி தலைமையிலான குழு 1959இலேயே இந்தக் கட்டுகளைத் தளர்த்தச் சொன்னது. தேசிய பெர்மிட் வர 1975 ஆயிற்று. நாடு முழுக்க ஒரே கட்டணத்தில் ஓடும் முறை 2010இல்தான் வந்தது. நாமக்கல் லாரிகளின் முகப்பில் என்.பி. என்று எழுதியிருக்கும் இரண்டெழுத்துக்குப் பின்னால் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது.

அரசே பஸ் முதலாளி

விடுதலைக்குப் பின் ரயில்வேயின் இடத்தில் மாநில அரசு வந்து உட்கார்ந்தது. சென்னை நகர பஸ்களை அரசு 1947இல் எடுக்கத் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தில் தனியார் பஸ்களை விலக்கிய நடவடிக்கையை அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1951இல் தொழில் உரிமைப் பிரிவில் அரசு ஏகபோகத்துக்கு இடம் வைத்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். பேச்சுரிமை, இட ஒதுக்கீடு பற்றிப் பேசும் முதல் திருத்தக் கட்டுரைகளில் பஸ்ஸுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. 1956இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே நாட்டுடைமைக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. ஆந்திராவில் அதன்படி நடந்த விசாரணையில் ஆட்சேபங்களைக் கேட்டவர் துறைச் செயலாளர், முடிவெடுத்தவர் முதலமைச்சர். கேட்டவர் ஒருவர், தீர்ப்புச் சொன்னவர் வேறொருவர் என்றால் அது விசாரணையே ஆகாது என்று 1958இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இந்திய நிர்வாகச் சட்டப் பாடங்கள் பல பஸ் வழக்குகளில் பிறந்தவை.

தமிழ்நாட்டில் 1967க்குப் பிறகு 75 மைலுக்கு மேற்பட்ட தடங்கள் அரசிடம் வந்தன. 1971 சட்டம் பெரிய பஸ் நிறுவனங்களைக் கையகப்படுத்தியது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் கழகங்கள் எழுந்தன. அடுத்து வந்த 1973ஆம் ஆண்டின் கையகப்படுத்தும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1983இல் உறுதி செய்தது. லாபம் வராத கிராமத்துக்கும் பஸ் போனது இந்தக் கொள்கையின் மறுக்க முடியாத பலன், அதைக் குறைத்து எழுதுவது நேர்மையல்ல. ஆனால் பெர்மிட் கொடுப்பவரும், கட்டணம் நிர்ணயிப்பவரும், பஸ் ஓட்டுபவரும் ஒரே அரசு என்றானபோது, பஸ்ஸின் தரத்தைப் பார்த்து எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று தரும் ஆர்டிஓ அலுவலகம் தன் அரசின் வண்டியையே கறாராகச் சோதிக்க வேண்டிய நிலை வந்தது. ஒழுங்குபடுத்துவோரையும் ஓட்டுவோரையும் பிரிக்க வேண்டும் என்ற யோசனைக்கு அடிப்படை இதுவே. அது இன்னும் யோசனையாகவே இருக்கிறது.

அடிபட்டவர் உள்ளே வந்த விதம்

1939 சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலையில்தான். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு 1956இல் வழி பிறந்தது. அப்போதும் ஓட்டுநரின் கவனக்குறைவை அடிபட்டவரே நிரூபிக்க வேண்டும்.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1980இல் தீர்த்த ஒரு தமிழ்நாட்டு வழக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. இருட்டிய பின் சென்ற தனியார் பஸ் ஒன்று, தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். அதைக் காட்டி, இது கடவுள் செயல், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று பஸ் நிறுவனம் வாதிட்டது. குற்ற வழக்கில் விடுதலை என்பது இழப்பீட்டைத் தடுக்காது என்றார் கிருஷ்ண ஐயர். நுணுக்கச் சாக்குகளால் ஏழைகளின் கோரிக்கையைத் தட்டிக்கழிக்கக்கூடாது, போதிய தீர்ப்பாயங்களை அமைக்காத மாநிலங்கள் அலட்சியமாக இருக்கின்றன என்றும் எழுதினார். 1982 திருத்தத்தில், யார் தவறு என்று நிரூபிக்காமலே இறந்தவர் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் கிடைக்க வழி வந்தது. தொகை சிறியது, கொள்கை பெரியது.

1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெர்மிட்டைத் தாராளமாக்கியது. ஏற்கெனவே ஓட்டுபவர் புதியவரைத் தடுக்க முடியாது என்று 1991இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ரயிலின் நிழல் ஒருவழியாக விலகியது. பாதுகாப்புக்கு அந்தச் சட்டத்தில் சில பிரிவுகள் இருந்தும், அவற்றை நடத்திவைக்க ஆளில்லை. சாலைப் பாதுகாப்புக்குத் தனி வாரியம் வேண்டும் என்று எஸ். சுந்தர் குழு 2007இல் பரிந்துரைத்தது. வாரியம் அறிவிக்கையானது 2021 செப்டம்பரில்.

இடைப்பட்ட காலத்தில் வேலை செய்தது நீதிமன்றம். கோயம்புத்தூர் எலும்பு முறிவு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் 2014இல் கண்காணிப்புக் குழு அமைந்தது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரைப் போலீஸ் அலைக்கழிக்கக்கூடாது என்ற நெறிமுறைகள் 2016 மார்ச்சில் நீதிமன்ற ஒப்புதல் பெற்றன. அதே ஆண்டு டிசம்பரில், தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற ஆணை வந்தது. 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் திறக்கப் போனபோது பெண்கள் வழிமறித்தார்கள். பிறகு நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு கிடைத்தது. சாலைகளின் பெயரை மாற்றியும் சில மாநிலங்கள் தப்பிக்கப் பார்த்தன.

ஓட்டுநர் மட்டுமா?

2019 திருத்தம் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான அபராதத்தை 2,000இலிருந்து 10,000 ரூபாய் ஆக்கியது. ஹெல்மெட் போடாவிட்டால் 100 ரூபாய் என்பது 1,000 ஆனது. மாநிலப் பட்டியலில் சாலை, வாகன வரி. மத்தியப் பட்டியலில் தேசிய நெடுஞ்சாலை. பொதுப் பட்டியலில் வாகனம் என்று அதிகாரம் பிரிந்துகிடக்கும் நாட்டில், தேசியப் போக்குவரத்துக் கொள்கை வகுக்க 66ஏ பிரிவு இடம் கொடுத்தது. மாநிலங்கள் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. பொற்காலம் எனப்படும் முதல் ஒரு மணி நேரத்துக்கான கட்டணமில்லாச் சிகிச்சையும் இந்தத் திருத்தத்தில்தான் வந்தது. திட்டம் அறிவிக்கையாக 2025 மே ஆயிற்று, அதுவும் உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். பெரும்பாலான விபத்துகளில் காவல் நிலையத்தில் எழுதப்படும் எஃப்ஐஆர் ஓர் ஓட்டுநரைக் குற்றவாளியாகக் காட்டுகிறது. சாலையின் வளைவு, விளக்கில்லாச் சந்திப்பு, எச்சரிக்கைப் பலகையில்லாத சென்டர் மீடியன் எதுவும் அதில் ஏறுவதில்லை. விபத்து ஏற்படுத்தி ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுச் சிறை என்ற புதிய குற்றச் சட்டப் பிரிவு, லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்ததால் நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் கேட்ட கேள்வி எளியது: கூட்டம் அடித்துக் கொல்லும் என்றால் நிற்பது எப்படி?

சாலையைத் தவறாக வடிவமைத்தவரையும் போட்டவரையும் முதன்முறையாகச் சட்டத்தின் முன் நிறுத்தியது 2019இல் சேர்ந்த 198ஏ பிரிவு. இனிச் செய்ய வேண்டிய சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் முடிவு. போலீஸ் விசாரணைக்கு அப்பால் சாலையையும் வண்டியையும் ஆராயும் தனி அமைப்பு வேண்டும். அதன் அறிக்கை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும். இப்போதைக்கு, குறைபட்ட சாலையால் எத்தனை பேர் செத்தாலும் 198ஏ பிரிவு விதிக்கும் உச்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய்.