அடுமனை: ஒரு சொல்லின் வரலாறு

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் நெடுகிலும் 'பேக்கரி' என்னும் பலகை தாங்கிய கடைகள் மிகுதி. அவற்றுள் பலவற்றில் ரொட்டி சுடும் சூளை இல்லை. ரொட்டியும் கேக்கும் வேறிடத்தில் வெந்து வந்து கண்ணாடிப் பெட்டியில் அமர்கின்றன. கடையில் கொதிப்பது தேநீரே. கொங்குப் பகுதியில் 'பேக்கரிக்குப் போகலாம்' என்றால் தேநீர் அருந்தலாம் என்றே பொருள். ஆங்கிலச் சொல் இம்மண்ணில் தன் பொருளையே மாற்றிக்கொண்டது.

அதற்கு ஈடாக அமைந்த தமிழாக்கம் 'அடுமனை'. நீரின்றி அனலில் வேகவைப்பதைக் குறிக்க 'அடு' பொருந்துமா என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. 'இரவச்சம்' அதிகாரத்தின் 1065ஆம் குறள், நீரிலே காய்ச்சிய கூழுக்கு இவ்வினையை ஆள்கிறது. மூதுரையோ பாலைக் காய்ச்சுவதற்கு ஆள்கிறது. புறநானூற்று 399ஆம் பாட்டில் சமைக்கும் பெண் 'அடுமகள்' எனப்படுகிறாள். சமையலிடம் 'அட்டில்', உணவு 'அடிசில்'. ஆகவே, 'அடு' என்பது சமையல் அனைத்திற்கும் பொதுவினை. கன்னடத்தில் சமையலைக் குறிக்கும் 'அடிகெ'யும் இதற்கு உறவே.

ஈழத்தில் வரலாறு வேறு. அங்கே ரொட்டி 'பாண்'. அதனைச் சுடும் சூளை 'போறணை'. இரண்டும் போர்த்துக்கீசியர் வழி வந்தவை. அனலில் வாட்டுதலைக் குறிக்கும் 'வெதுப்பு' என்பதிலிருந்து ஈழத்தமிழர் 'வெதுப்பகம்' என்றனர். சூளைக்கு அது நுட்பமான பெயர். எனினும், தேநீரும் காய்ச்சி, போண்டாவும் பொரித்து, நாமக்கல் முட்டையில் கேக்கும் செய்யும் சேலத்துக் கடைக்கு அப்பெயர் போதாது. பொதுவினையில் பிறந்த 'அடுமனை'யே போதும். குறையெனக் கூறப்பட்டதே இங்கு அதன் தகுதியாயிற்று.

ஆயினும் அது பெரும்பாலும் பலகையிலேயே நிற்கிறது, நாவுக்கு இறங்கவில்லை. 'ரொட்டி'யும் வந்த சொல்லே. அதனை நிலைக்கச் செய்தது ஆணையன்று, அன்றாடப் பேச்சு. 'அடு'வோ புதிதாய் வரவேண்டிய சொல்லன்று. அடுப்பு, அடுக்களை என ஒவ்வொரு வீட்டிலும் அது நாள்தோறும் ஒலிக்கிறது. அந்த அடுப்புக்கும் வீதியிலுள்ள பலகைக்கும் உள்ள உறவை மக்கள் செவிக்கு உணர்த்துவது கவிஞர் கடன். பாட்டில் ஏறிய சொல்லே பேச்சிலும் இறங்கும்.