ஓதம் நடத்திய துறைமுகம்

சென்னைக் கரையில் ஓதத்தால் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில், பவநகர்ப் பக்கம், அது பத்து மீட்டரைத் தொடுகிறது. இரண்டு கரைகளையும் இழுப்பது ஒரே நிலாவும் ஒரே சூரியனும்தான். வேறுபாடு வளைகுடாவின் அமைப்பில் இருக்கிறது. வாய் அகன்றும் உள்ளே போகப்போகக் குறுகியும் ஆழம் குறைந்தும் இருப்பதால், புகுந்த நீர் பரவ இடமில்லாமல் மேலெழுகிறது. இவ்வளவு மூர்க்கமான நீரைக் கடந்து, நர்மதை ஆற்றின் உட்புறத்தில், பண்டைய மேற்கிந்தியாவின் பெருந்துறையான பரூச் செழித்தது. ஓதத்தையும் மீறிச் செழித்தது என்றே முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தத் துறைமுகத்தை நடத்தியதே ஓதம்தான் என்று கொள்ளச் சான்று இருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து வணிகம் செய்த பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ்' நூலே அந்தச் சான்று. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது. அலெக்சாந்தரின் படகுகள் கி.மு. 325இல் சிந்து முகத்துவாரத்தில், நீர் வடியும் வற்றத்தில் தரைதட்டியபோது, அங்கிருந்து வந்த வீரர்கள் கலங்கினார்கள். பெரிப்ளஸ் ஆசிரியரும் பரூச்சின் ஓதத்தைக் கண்டு வியக்கிறார். ஆனால் வியப்போடு நிற்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது பெருகுவதைக் குறிக்கிறார். சற்றுமுன் கப்பல் போன இடம் தரையாவதையும், ஏறும் கடல் ஆற்றையே எதிர்த்திசையில் தள்ளுவதையும் சொல்கிறார். எல்லாவற்றையும்விட அருமையான செய்தி, அரசனின் ஊழியத்தில் இருந்த உள்ளூர் மீனவர்களைப் பற்றியது. அவர்கள் பெரிய படகுகளில் சௌராட்டிரக் கரைவரை எதிர்கொண்டு போய், வரும் கப்பல்களை மணல்திட்டுகளுக்கு நடுவே அழைத்துவந்தார்கள். ஏற்றம் தொடங்கும்போது இழுத்துக்கொண்டு புறப்பட்டு, வற்றத்தின்போது ஆற்றின் ஆழமான மடுக்களில் நிறுத்திவைத்தார்கள். நர்மதை முகத்துவாரத்திலிருந்து பரூச் 300 ஸ்டேடியம், அதாவது ஐம்பது கிலோமீட்டர் அளவு. பாரம் ஏற்றிய கப்பலை அவ்வளவு தூரம் ஆற்றோட்டத்துக்கு எதிராகத் துடுப்பால் மட்டும் கொண்டுபோவது பெரும்பாடு. அந்த வேலையைக் கடலே செய்தது. கடல் எப்போது செய்யும் என்று அறிந்திருந்தவர்கள் அந்த மீனவர்கள். நியூட்டன் ஓதத்துக்கு ஈர்ப்புவிசையைக் காரணம் காட்டியது பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான்.

கப்பல்களைப் பரூச்சுக்குக் கொண்டுவந்தது அரசியல்தானே என்று கேட்கலாம். கல்யாண் துறைக்கு வரும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரூச்சுக்கு அனுப்பப்படக்கூடும் என்று அதே நூல் சொல்வது உண்மை. உஜ்ஜைனி, பைத்தான் ஆகிய ஊர்களிலிருந்து சரக்கு வந்து சேர்ந்ததும் உண்மை. ஆனால் ஆணையால் கப்பலைத் திருப்பிவிடலாமே தவிர, திட்டுகளைத் தாண்டி மேலேற்ற முடியாது. வழிகாட்டிகளை அரசன் ஊழியத்தில் வைத்திருந்ததே அதற்குச் சாட்சி. பிற்காலத்தில் இந்த வளைகுடாத் துறைகள் நலிந்தனவே என்பது இன்னொரு மறுப்பு. அங்கே முதன்மைக் கேடு வண்டல். பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாமல் போனது. ஓதத்தின் உதவி மட்டும் நின்றுவிடவில்லை. அதே வளைகுடாவின் அலங் கரையில், 1983இல் கப்பல் உடைப்புத் தொழில் தொடங்கியது. பழைய கப்பல்களை அங்கே இன்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோதத்தில்தான் கரையேற்றுகிறார்கள்.