பல்லைப் பிடுங்காமல் விட்ட கதை

சென்ற மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரூட் கெனால் செய்த பல் உடம்புக்குள் விஷத்தைக் கசியவிடுமாம். மூட்டுவலி, இதயநோய், புற்றுநோய் எல்லாம் அதனால்தான் வருகிறதாம். நூறு வருடத்துக்கு முன்பே ஓர் அமெரிக்கப் பல் நிபுணர் இதை நிரூபித்துவிட்டாராம், டாக்டர்கள் மறைக்கிறார்களாம். கீழே வழக்கம்போல் பத்துப் பதினைந்து கும்பிடும் கைகள்.

இரண்டு நாள் கழித்து பி பிளாக் நண்பர் ஒருவர் மாலை நடைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்ய அடுத்த திங்கட்கிழமை நேரம் வாங்கியிருந்தவர், செய்தியைப் படித்துவிட்டு ரத்து செய்திருந்தார். "பிடுங்கிப் போட்டுடலாம்னு பார்க்கறேன் சார், தொல்லை விட்டது" என்றார்.

நான் டாக்டர் இல்லை, பி.காம். ஆனால் வங்கியில் இத்தனை வருடம் உட்கார்ந்த பழக்கம், வவுச்சரைப் பார்க்காமல் எதையும் பாஸ் பண்ண மனம் வராது. அதனால் இந்தச் செய்தியின் மூலத்தைத் தேடிப் போனேன். அந்த அமெரிக்க நிபுணர் உண்மையில் இருந்தவர்தான். அவர் சொன்னதாகச் செய்தி சொல்வதையும் அவர் சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் செய்தியில் விட்டுப்போயிருக்கிறது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

பல்வலிக்குக் காரணம் புழு என்று மனிதர்கள் நம்பியது பாபிலோன் காலத்திலிருந்து. அங்கே களிமண் பலகையிலேயே பல்புழுவைப் பற்றிய மந்திரம் எழுதிவைத்திருக்கிறார்கள். நாமும் இன்றைக்குச் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்றுதானே சொல்கிறோம். நம் ஊரில் கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடிப்பார்கள். என் பாட்டி பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் இதே வேலையை வேறொரு செடியின் விதையை வைத்துச் செய்தார்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளிருந்து வெள்ளையாக முளை வெளியே வரும். "பார், புழு விழுந்துவிட்டது" என்று காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஃபார்வர்டு செய்திக்கு வாட்ஸ்அப் அவசியமில்லை.

இந்தப் புழுவை முதலில் அழுத்தமாக மறுத்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டுப் பியர் ஃபோஷார். பல் மருத்துவத்துக்கென்றே 1728-ல் பெரிய நூல் எழுதியவர். நுண்ணோக்கியில் தேடியும் புழு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார். கெட்டுப்போன பல்லின் உள்ளே திறந்து சீழை வெளியேற்றுவது, பற்கூழை எடுப்பது பற்றியெல்லாம் அவர் அப்போதே எழுதியிருக்கிறார். வலிக்குக் கிராம்பு எண்ணெயும் வைத்தார். இன்றைக்கும் பல் டாக்டர் அறைக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறும் வாசனை அந்தக் கிராம்புச் சத்துதான். தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டிலும் வேருக்குள் பூசும் பசையிலும் அதைச் சேர்ப்பதுண்டு.

ஆனால் அந்தக் காலத்தில் மரத்துப்போக ஊசி கிடையாது. பற்கூழைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள், ஆர்செனிக் என்கிற பாஷாணத்தை வைத்துக் கொன்றார்கள். 'ரூட் கெனால்' என்றால் நம்மில் பலருக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறதே, அந்தப் பயம் பரம்பரையாக அங்கிருந்து வந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

வேரின் உள்ளே இருக்கும் கால்வாய் தலைமுடி போல மெல்லியது. அதற்குள் நுழைகிற கருவி வேண்டும். வாஷிங்டனில் எட்வர்ட் மேனார்ட் என்ற பல் மருத்துவர் 1838-ல் கடிகார ஸ்பிரிங்கை அராவித் தேய்த்து அப்படி ஒன்றைச் செய்தார். (இதே மனிதர் புது மாதிரித் துப்பாக்கியும் கண்டுபிடித்தார், அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்டது. ஒரு கையால் பல்லைக் காப்பாற்றி மறு கையால் என்ன செய்தார் பாருங்கள்.)

சுத்தம் செய்த கால்வாயை எதை வைத்து அடைப்பது? தங்கம், ஈயம், மரக்குச்சி என்று பலவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பால். அதன் பெயர் கட்டா பெர்ச்சா. ரப்பருக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். சிங்கப்பூரில் இருந்த மான்ட்கோமரி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதன் மாதிரிகளை 1843-ல் லண்டனுக்கு அனுப்பினார். உப்புத் தண்ணீரில் கெடாது என்று தெரிந்ததும் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இதைச் சுற்றினார்கள். 1866-ல் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பிக்கும் இதே உறைதான். 1870-71-ல் நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போட்ட கம்பிக்கும் இதேதான். அதற்காகக் காடு காடாக மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் வந்து தந்திக் கம்பியிலிருந்து அது போய்விட்டது. பல்லிலிருந்து மட்டும் போகவில்லை. 1867-ல் பௌமன் என்ற அமெரிக்கர் இதைக் குச்சியாக்கி வேருக்குள் வைத்தார். இன்று நம் வேருக்குள் வைக்கும் இளஞ்சிவப்புக் குச்சியும் அதுதான், துத்தநாக ஆக்சைடு கலந்து வருகிறது.

மரத்துப்போகும் ஊசி கதை தனிக் கட்டுரைக்குரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1884-ல் கோகெய்ன் வந்தது. தாடை நரம்பில் அதை ஏற்றிப் பார்த்த ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், தன் மேலேயே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து நோவோகெய்ன். பிறகு ஸ்வீடனில் 1943-ல் லோஃப்கிரன் உருவாக்கிய லிடோகெய்ன். இன்று நமக்குப் போடும் ஊசி பெரும்பாலும் இதுதான்.

எக்ஸ்ரேயும் சும்மா வரவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எட்மண்ட் கெல்ஸ் என்பவர் 1899-ல் பல்லின் வேருக்குள் கம்பியை விட்டு, அது எதுவரை போயிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்தார். கதிர் ஆபத்து என்று யாருக்கும் தெரியாத காலம். முதலில் விரல்கள், பிறகு கை, பிறகு புஜம் என்று புற்றுநோய்க்குக் கொடுத்து, வலி தாளாமல் 1928-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அடுத்த முறை ஈயக் கவசம் போர்த்திவிட்டு, ஒரு நொடியில் "முடிஞ்சுது அங்கிள்" என்று அந்தச் சின்னப் பெண் சொல்லும்போது இவரை நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருகிறேன்.

1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகிய வேர்களின் மேல் தங்கத் தொப்பியும் பாலமும் கட்டிச் சீழை மூடிவைக்கிறார்கள், உடம்பில் வரும் பல நோய்களுக்கு அதுதான் ஊற்று என்றார். அவர் திட்டியது மோசமான வேலையை. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் கேட்டவர்கள் 'வேர் செத்த பல் எல்லாமே விஷம்' என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இருபது முப்பது வருடம் அமெரிக்காவில் காரணம் தெரியாத வியாதி எதுவானாலும் பல்லைப் பிடுங்கினார்கள். மூட்டுவலியா, பிடுங்கு. களைப்பா, பிடுங்கு. நியூ ஜெர்சியில் ஹென்றி காட்டன் என்பவர் அரசு மனநல மருத்துவமனையின் தலைவர். அவர் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கிக் குணப்படுத்தப் பார்த்தார், போதாதென்று குடலையும் வெட்டினார். பலர் இறந்தார்கள். மனிதர் தன் நம்பிக்கைக்கு உண்மையானவர்தான், தன் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் பிடுங்கவைத்தார்.

செய்தியில் வரும் நிபுணர் வெஸ்டன் பிரைஸ், கிளீவ்லாந்து நகரத்துப் பல் மருத்துவர். நோயாளிகளிடமிருந்து பிடுங்கிய, ரூட் கெனால் செய்த பற்களை முயல்களின் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார். முயல்கள் நோயுற்றன. 1923-ல் இரண்டு தடித்த தொகுதிகளாக வெளியிட்டார். இதுதான் அந்த 'நிரூபணம்'.

பின்னால் வந்தவர்கள் இதைத் தணிக்கை செய்தார்கள். பிடுங்கும்போதே பல் வாயிலுள்ள கிருமிகளில் புரண்டுதான் வெளியே வருகிறது. அதை அப்படியே ஒரு சிறு முயலுக்குள் வைத்தால் கிருமிச் சுமை தாங்க முடியாத அளவு. நல்ல பல்லை வைத்தால் என்ன ஆகும் என்று ஒழுங்காக ஒப்பிடவும் இல்லை. 1938-ல் சிசில், ஆஞ்சவைன் என்ற இருவர் முடக்குவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்தார்கள். பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் நோய் குணமானதாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கான பற்கள் போனபின் வந்த கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1965-ல் நடந்தது. ககேஹாஷி என்ற ஆய்வாளரும் சகாக்களும் அமெரிக்காவில் இரண்டு வகை எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சாதாரண எலி. இன்னொன்று பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூடப் படாமல் கூண்டில் வளர்த்தது. இரண்டுக்கும் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்தபடி விட்டார்கள். சாதாரண எலிக்குக் கூழ் அழுகிச் சீழ் வைத்தது. கிருமியில்லாத எலிக்கு, ஓட்டைக்குள் சாப்பாடு அடைத்துக் கிடந்தும், பல் தானாகவே உள்ளே சுவர் எழுப்பி மூடிக்கொண்டது. அப்படியானால் குற்றவாளி செத்த பல் அல்ல, உள்ளே புகுந்த கிருமி. கிருமியை வெளியேற்றி, மறுபடி நுழையாமல் அடைத்துவிட்டால் பல் இருக்கலாம். இன்றைய ரூட் கெனாலில் நடப்பது அவ்வளவுதான். அது புற்றுநோய் தருகிறது என்று காட்டிய நம்பத்தகுந்த ஆய்வு இல்லை. ஆறாத சீழோடு பல்லை வைத்திருப்பதுதான் உடம்புக்குக் கெடுதல். செயற்கை இதய வால்வு வைத்தவர்களுக்கு வாய்க் கிருமி ரத்தத்தில் கலப்பது ஆபத்து என்பதும் உண்மை. அவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்காரர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

நாற்காலியில் என்ன நடக்கும் என்பதை நண்பருக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் எனக்கு நடந்தது. தட்டிப் பார்த்தார்கள், குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரே. பிறகு ஊசி. கட்டெறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக்கு, கொஞ்ச நேரத்தில் உதடு தலையணை போலாகிவிடும். பல் மிகவும் புண்பட்டிருந்தால் முதல் ஊசி முழுசாகப் பிடிக்காமல் போகலாம். சுருக்கென்றால் கையைத் தூக்குங்கள், இன்னொன்று போடுவார்கள், வீரம் காட்ட வேண்டியதில்லை. பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டினார்கள். எச்சிலும் கிருமியும் உள்ளே போகாது, கருவியோ மருந்தோ தொண்டைக்குள் விழாது. 1864-ல் நியூயார்க்கில் பார்னம் என்பவர் செய்த யோசனை அது. உங்களுக்கு மாட்டவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

அதன்பின் மெல்லிய அரங்களை ஒவ்வொன்றாக விட்டுத் தேய்ப்பார்கள். வலி இல்லை, அதிர்வு தெரியும். 'பீப் பீப்' என்று ஒரு சின்னப் பெட்டி சத்தமிடும், வேரின் நுனி எங்கே என்று மின்சாரத்தால் அளக்கும் கருவி அது. மூக்கில் குளியலறை கழுவுகிற வாசனை அடித்தால் பயப்பட வேண்டாம், கழுவும் திரவம் அதே குடும்பம்தான். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாய், கடைவாய்க்கு மூன்றோ நான்கோ. ஒரே நாளிலும் முடியலாம், இரண்டு மூன்று முறையும் ஆகலாம். நடுவில் வைக்கும் தற்காலிக அடைப்பு நம் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். அதை அப்படியே விட்டால் ஒரு நாள் வம்பு.

வீட்டுக்கு வந்தபின் உதடு சரியாகும்வரை சாப்பிடாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். சூடும் தெரியாது. மூன்று நான்கு நாள் கடிக்கும்போது ஒரு மந்தமான வலி இருக்கும், அது வழக்கம்தான். அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதென்றால் போய்த் தேய்த்துக்கொள்ளலாம். வீக்கம் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். கடைவாய்ப் பல்லானால் கேப் போடாமல் விடாதீர்கள். உள்ளே குடைந்த பல் பிளந்துவிடும், பிளந்தால் அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும். கண்ணுக்குத் தப்பிய கால்வாயால் சில சமயம் சிகிச்சை தோற்பதும் உண்டு. மறுபடி செய்யலாம், இல்லையென்றால் வேர் நுனியில் சின்ன அறுவை.

பிடுங்குவது மலிவு என்று நண்பர் சொன்னார். நாற்பத்திரண்டு வயதில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டுக் கீழ் வலதுபுறம் ஒன்றைப் பிடுங்கினேன். பக்கத்துப் பல் சாய்ந்தது, மேல் பல் இறங்கியது. பிறகு பாலம் கட்ட ஆன செலவில் இரண்டு ரூட் கெனால் செய்திருக்கலாம்.

நண்பர் விட்ட நேரத்தைத் திரும்ப வாங்கிப் போய்விட்டு வந்தார். மூன்று கால்வாய் என்று தொடங்கியது நான்காக இருந்ததாம். நாற்காலியிலேயே ஐந்து நிமிடம் தூங்கிவிட்டதாகச் சொல்கிறார், அதை மட்டும் நான் நம்பவில்லை. கேப் அடுத்த வாரம் வருகிறது. அதுவரை மாலை நடையில் கடலை வாங்கினால் இடதுபக்கம்தான் மெல்லுகிறார்.